எட்டாவது பட்டன்

எங்கள் அலுவலகத்தில் உதவி கேட்டு வரும் போனை எடுக்கிறவர் ராணியக்கா. அன்று திங்கட்கிழமை அவர் லீவு, அதனால் நான் எடுத்தேன். பேசியவர் அந்தோணிமுத்து, ராணியக்காவின் சொந்தப் பங்குக் கோயிலில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. என் குரலைக் கேட்டதும் அவரிடமிருந்து சத்தமே இல்லை. இது எனக்குப் புதிதில்லை. ராணியக்காவை எதிர்பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் நான் எடுத்தால் இப்படித்தான் வாயடைத்துப் போவார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"அவங்க இன்னைக்கு லீவுங்க. எதுனாலும் என்கிட்டயே சொல்லலாம்" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "அக்காவுக்கு நாளைக்கு அடக்கம் சார். ஃபாதர் பதிவ இப்பவே ஏத்தி வைக்கச் சொல்றாரு. அக்கா பேர நான் எப்படி சார் அடிப்பேன்?"

வத்தலக்குண்டில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் ஞாயிறு சாயங்காலம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் செபஸ்தியான் முதலில் கோயிலுக்குச் சொல்லியிருக்கிறார், கோயிலிலிருந்து எங்களுக்கு வந்திருக்கிறது. அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது என்ன என்று மறைக்காமல் சொல்கிறேன். 'செத்த பிறகும் இவங்களைத்தான் கூப்பிடுறாங்க.' அடுத்த நிமிடம் அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஆனால் முதலில் வந்தது அதுதான்.

கோயில்களுக்கெல்லாம் அனுப்ப இந்த அஞ்சலியை எழுதச் சொல்லி பெர்னார்டு சார் கேட்டபோது நான் மறுத்தேன். அலுவலகத்தில் நாங்கள் மொத்தமே மூன்று பேர். முதலாளி பெர்னார்டு சாருக்கு எழுத்து வராது. ராணியக்கா இல்லை. வேறு வழியில்லாமல் நான் எழுதுகிறேன். இதைப் படிக்கும் கோயில்பிள்ளைகளில் பலருக்கு அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. குள்ளமான உருவம். மே மாதத்திலும் கழற்றாத பச்சை ஸ்வெட்டர். சிரிப்பு மட்டும் உருவத்துக்குப் பொருந்தாத பெரிய சிரிப்பு. முழுப்பெயர் புஷ்பராணி. ஊரே அக்கா என்று கூப்பிட, நான் ஒருவன்தான் பிடிவாதமாக "மேடம்" என்பேன். மரியாதைக்காக இல்லை, குத்துவதற்காக. அது அவருக்கும் தெரியும். அவரும் விடாமல் "கிறிஸ்டி சார்" என்பார்.

பதினோரு வருடம் எனக்கு அவர்மேல் பொறாமை. அதன் காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பட்டன்.

பங்குக் கோயில்களின் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற மென்பொருள் எங்களுடையது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. எழுதியது முழுக்க நான். ராணியக்கா பழைய பதிவேடுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வந்தவர், பத்தாம் வகுப்பும் டைப்பிங்கும்தான் படிப்பு. நான் இஞ்சினியரிங் படித்தவன். திரையின் மேல் ஓரத்தில் பட்டன்கள் வரிசையாக நிற்கும் பட்டையை, கையேட்டில் கருவிப்பட்டை என்றும் பேச்சில் டூல்பார் என்றும் சொல்கிறோமே, அதில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்று முடிவுசெய்தது மட்டும் அவர். நான் சமைத்த சாப்பாட்டை இலையில் எங்கே வைப்பது என்று பக்கத்து வீட்டம்மா வந்து சொன்ன மாதிரி எனக்கு இருந்தது.

அந்த அதிகாரம் அவருக்கு வந்த கதை இது. மன்னவனூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் முதன்முதலாக மென்பொருளைப் போட்டுப் பார்க்கப் போனோம். டூல்பாரில் இருபத்து மூன்று பட்டன்கள் வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் நானே படம் வரைந்திருந்தேன். அங்கிருந்த கோயில்பிள்ளை மவுசைப் பிடித்தபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருந்தார். எதையும் அமுக்கவில்லை. நான் விளக்க விளக்க அவர் நெற்றி வேர்த்தது, அந்தக் குளிரில். ராணியக்கா கத்தரிக்கோல் கேட்டு வாங்கினார். பழைய காலண்டர் அட்டையை நீளமாகக் கத்தரித்து, டூல்பார் முழுவதும் மறைகிற மாதிரி திரைமேல் வைத்து, இரண்டு பக்கமும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்.

"நீங்க உங்க சோலியப் பாருங்கண்ணே. எது இல்லாம வேல ஓடலையோ அத மட்டும் கேளுங்க. அந்த எடத்துல ஓட்ட போட்டுத் தாரேன்."

சாயங்காலம் வரைக்கும் ஆறு ஓட்டைதான் விழுந்தது. ஆறு! மிச்சம் பதினேழு பட்டன்களும் அட்டைக்குப் பின்னால் கிடந்தன. அவ்வளவு நேரமும் அந்த மனிதர் அவற்றைத் தேடவே இல்லை. கிளம்பும்போது ராணியக்கா என்னைப் பார்த்து, "சார், அடக்கம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"அது உள்மெனுவுல. தெனமும் கண்ணுல பட்டா நல்லாருக்காதுன்னு வெச்சேன்" என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"எதுக்க அழுதுக்கிட்டு ஆளுங்க நிப்பாங்க சார். அவங்கள வெச்சுக்கிட்டு இவரு உள்ளயும் வெளியவும் தேடிக்கிட்டு உக்காரணுமா? வெரசா முடிச்சு அனுப்ப வேணாமா?"

அடக்கம் ஏழாவது பட்டனாக மேலே வந்தது. அந்தத் திங்கட்கிழமை அந்தோணிமுத்து அழுதபடியே பேசினார், ஆனால் பட்டன் எங்கே என்று என்னிடம் கேட்கவில்லை.

அந்த அட்டையை பெர்னார்டு சார் அலுவலகச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். என் பட்டம்கூட அந்தச் சுவரில் இல்லை. அன்றிலிருந்து டூல்பார் ராணியக்காவின் ராஜ்ஜியம். அவருடைய அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து எல்லோரையும் திருப்பி அனுப்பியபோது இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். அதனால் அவர் பேச்சில் தோட்டத்து வார்த்தைகள் இருக்கும். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பிரட்டு என்பார்கள். குடியிருக்கும் வீட்டு வரிசை லயம். "தெனம் வேலைக்கு வாரவன் மட்டும் பிரட்டுல நிக்கட்டும் சார். மத்தவன்லாம் லயத்துல கெடக்கட்டும். வேணும்னா கூப்பிட்டுக்குவோம்" என்பார். டூல்பாரைப் பற்றி நான் படித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

கோயில்களில் இருந்த பழைய கம்ப்யூட்டர்களில் திரை சின்னது. எட்டுப் பட்டனுக்கு மேல் வைத்தால் இரண்டாம் வரிசை விழுந்துவிடும். ஆக எட்டு இடம். ஏழு நிரம்பியாயிற்று. எட்டாவது காலி. அந்தக் காலி இடத்தின்மேல்தான் நான் கண் வைத்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு 'குடும்ப மரம்' எழுதினேன். எட்டு மாத வேலை. ஒருவர் பெயரைத் தேர்ந்து அமுக்கினால், பதிவேடுகளையெல்லாம் துழாவி அவருடைய அப்பா அம்மா, அவர்களுடைய அப்பா அம்மா என்று பெட்டி பெட்டியாகத் திரையில் வரைந்து காட்டும். நான் செய்த வேலைகளிலேயே சிறந்தது அது, இன்றைக்கும். முதலில் ராணியக்காவுக்குத்தான் காட்டினேன், என் குடும்பத்தையே போட்டு. மிஷன் பங்களாவில் சமையல் பார்த்த என் பூட்டன் வரைக்கும் நாலு தலைமுறை, ஒரு பெட்டிகூடக் காலியில்லாமல் விரிந்தது.

அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க குடும்பம் பூரா இங்கயே இருக்கு" என்றார். பிறகு, "பிரமாதமான வேல சார் இது. இத்தன வருசத்துல நீங்க செஞ்சதுலயே இதான் ஒசத்தி."

"அப்ப எட்டாவது எடத்துல வெச்சிரலாமா?"

"இப்ப வேணாம் சார். இன்னும் ஆகல."

"என்ன ஆகல? எல்லாம் ஓடுதே!"

"ஓடுது. ஆகல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆறு வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட்பேன். அதே பதில். ஏன் என்று நான் கேட்டதெல்லாம் சண்டைக்குக் கேட்டது, தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை. காலி இடத்தைக்கூட எனக்குக் கொடுக்க மனசு வரவில்லையே என்று குமைந்தேன். மரம் மெனுவுக்குள் எங்கோ ஆழத்தில் கிடந்தது. யாரும் அங்கே போவதில்லை.

எனக்கும் டூல்பார் தெரியும் என்று காட்ட நான் செய்த கூத்தை உங்களில் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள், அது என் வேலை என்று தெரியாவிட்டாலும். ராணியக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பட்டன் தேவையா என்று சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கோயிலில் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். ஒரு வாரம் பார்ப்பார். போன் வந்தால் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வைப்பார். வராவிட்டால் அது லயத்துக்குப் போகும். ஒருமுறை அவர் தங்கை மகள் பிரசவத்துக்கு லீவில் போயிருந்தபோது, நானும் இதைச் செய்து பார்த்தேன். நான் எடுத்தது ஓலைப் பட்டன். கல்யாணத்துக்கு முன்னால், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும் அல்லவா, அதை அச்சடிக்கிற பட்டன். ஒரு வாரம் போயிற்று. ஒரு போன் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் விடாப்பிடியாக வைத்திருந்த ஏழில் ஒன்று தேவையே இல்லை என்று நிரூபித்துவிட்டேனே! எல்லாக் கோயில்களுக்கும் புதிய பதிப்பை அனுப்பிவிட்டேன்.

அது தவக்காலத்தின் முதல் வாரம்.

தவக்காலத்தில் யார் கல்யாணம் வைப்பார்கள்? பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவன் நான். எனக்கு உறைக்கவில்லை. ஈஸ்டர் நெருங்க நெருங்க, அதற்குப் பின்னால் வரும் கல்யாணங்களுக்கு ஓலை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். போன் விடாமல் அடித்தது. கூக்கால் கோயில்பிள்ளை போனே பண்ணவில்லை. பட்டனைக் காணோம் என்றதும், ஓலை வேண்டாம் என்று மேலிடத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள்போல என்று நினைத்து, முதல் ஞாயிறு வாசிக்காமலே விட்டுவிட்டார். பெண்ணின் அப்பா கோயில் வாசலில் சண்டைக்கு நின்றாராம், என் மகள் கல்யாணத்தில் யாருக்கு என்ன ஆட்சேபம் என்று.

ராணியக்கா இரண்டு நாள், காலையில் வெள்ளனே வந்து உட்கார்ந்து அத்தனை போனையும் எடுத்தார். கூக்கால் ஃபாதரிடம், "தப்பு எங்களுது ஃபாதர். அந்தப் புள்ள கல்யாணம் தள்ளிப்போகக் கூடாது. நீங்க மேல பேசி எதாச்சும் வழி பண்ணுங்க" என்று கெஞ்சினார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பெர்னார்டு சாரிடம் என் பெயரைச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், எல்லாம் ஓய்ந்த பிறகு, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "போன் வரலன்னா போதாது சார். ஏன் வரலன்னும் பாக்கணும்" என்றார். பிறகு சிரித்தார். "மேலிடமாம்! ஒங்கள மேலிடம் ஆக்கிட்டாரு பாருங்க கூக்கால்காரரு!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

அடக்கத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்திருந்தீர்கள். கூக்காலிலிருந்து காலை பஸ்ஸில், மன்னவனூரிலிருந்து கேரட் ஏற்றி வந்த வண்டியில். அவர் முகத்தை முதல் தடவையாகப் பெட்டிக்குள்தான் பார்த்தவர்கள் சிலர். வெளியே நின்றபோது ஒருவர் என்னிடம் வந்து, "நீங்கதான் அக்கா இல்லாதப்ப போன் எடுக்கிறவருங்களா?" என்று கேட்டார். பதினோரு வருடம் அந்த மென்பொருளின் ஒவ்வொரு வரியையும் எழுதியவன் நான். ஆமாம் என்று தலையாட்டினேன். மண் போடும்போதும் எனக்குள் அதுதான் அரித்துக்கொண்டிருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் பெர்னார்டு சார், "கிறிஸ்டி, இனி டூல்பாரும் உங்க சோலிதான்" என்றார். பதினோரு வருடம் கேட்கக் காத்திருந்த வார்த்தை. சந்தோஷம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கே எட்டாவது இடத்தில் குடும்ப மரத்தை வைத்தேன். அவர் வழக்கப்படி ஒரே ஒரு கோயிலில் போட்டுப் பார்க்க, அவருடைய பங்குக்கே போனேன். அந்தோணிமுத்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு பூசைக்கு வேண்டியதை எடுத்து வைக்கப் போனார்.

கண்ணில் பட்ட பெயரையெல்லாம் அமுக்கினேன். நகரத்துக் குடும்பங்கள் அழகாக விரிந்தன. பிறகு, இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றை அமுக்கினேன். அமுக்கிய பிறகுதான் பொறி தட்டியது. இவர்களெல்லாம் ஞானஸ்நானம் வாங்கியது கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பதிவேட்டில் இவர்களுடைய அப்பா அம்மா எப்படி இருப்பார்கள்? என் மரம் மேலே மேலே 'விவரம் இல்லை' என்றல்லவா காட்டும்? கோயில் அலுவலகத்தில், பக்கத்தில் நாலு பேர் நிற்க, அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? ஆறு வருடம் எனக்கு இது தோன்றவே இல்லை. நான் என் குடும்பத்தை மட்டும்தான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் திரையில் 'விவரம் இல்லை' வரவில்லை. பெட்டிகள் நிரம்பியிருந்தன. அப்பா, அம்மா, தாத்தா, பிறந்த தோட்டத்தின் பெயர் வரைக்கும். இன்னொரு குடும்பம், அதுவும் நிரம்பியிருந்தது. இன்னொன்றும். பதிவைத் திறந்து குறிப்பைப் பார்த்தேன். 'கேட்டு எழுதியது. சொன்னவர் மூத்த மகன். பு.ரா.' அடுத்ததில், 'கேட்டு எழுதியது. சொன்னவர் மருமகள். பு.ரா.' எல்லாவற்றிலும் ஞாயிற்றுக்கிழமைத் தேதிகள். பின்னால் பின்னால் போனேன். முதல் குறிப்பு, நான் அவருக்கு மரத்தைக் காட்டிய வாரத்துக்கு அடுத்த ஞாயிறு.

ஆறு வருட ஞாயிறுகள். 'இன்னும் ஆகல' என்றால் இதுதான். என் பட்டனுக்கு வேண்டிய வேலையை அவர் செய்துகொண்டிருந்தார், நான் அவரை மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

கடைசியாக அவர் பெயரை அமுக்கினேன். கீழே அவர் பெட்டி, பக்கத்தில் செபஸ்தியான். மேலே இரண்டு பெட்டி. விவரம் இல்லை. விவரம் இல்லை.

அங்கிருந்து நேராகச் செபஸ்தியான் வீட்டுக்குப் போனேன். அவர் டாக்சி ஓட்டுகிறவர். வண்டி வாசலில் நின்றது, பல நாளாக எடுக்கவில்லை போலிருந்தது. "ஊர்ல எல்லாரோடதையும் எழுதினாங்களே, அவங்களோடத மட்டும் ஏங்க எழுதல?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் சார். மொதல்ல மத்தவங்களோடது ஆகட்டும், நம்மளது எங்க ஓடிப்போகுதுன்னா. மத்த கோயில்லாம் ஆச்சு, கூக்கால்ல இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கு, அத முடிச்சிட்டு எழுதிக்கிறேன்னு சொன்னா." வாசலில் நின்ற வண்டியைக் காட்டினார். "அந்த ஞாயித்துக்கெழமதான் அங்க போறதா இருந்தோம். தங்கச்சி கூப்பிட்டான்னு கீழ வத்தலக்குண்டுக்குப் போயிட்டா."

அடுத்த ஞாயிறு நான் கூக்காலுக்குப் போனேன். செபஸ்தியான்தான் வண்டி ஓட்டினார். அந்த வீட்டில் கேட்டு எழுதினேன். திரும்பி வரும் வழியில் அவரிடம் கேட்டு, ராணியக்காவின் அப்பா மைக்கேல், அம்மா ஞானம்மாள் என்று தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். ராணியக்கா வைத்திருந்த வரிசைப்படி கூக்கால் வீட்டை முதலில் ஏற்றினேன், பிறகு அவருடையதை. குறிப்பில் 'கேட்டு எழுதியது. சொன்னவர் கணவர்' என்று அடித்து என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், அன்பு, பாசம் என்று அழகாக எழுதலாம். பொய்யாக இருக்கும். பொறாமைதான் மிச்சம், அதை விடுவதாக இல்லை. இப்போதும் ஒரு பட்டனைத் தொடும்போது, 'இதுக்கு அந்தம்மா என்ன சொல்லும்?' என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் யோசிக்கிறேன். அந்தக் கடுப்பு இருக்கும்வரை அடுத்த மேசையில் அவர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. அந்த மேசையைக் காலி செய்யச் சொன்னார் பெர்னார்டு சார், நான்தான் விடவில்லை.

குடும்ப மரம் இப்போது எல்லாக் கோயில்களுக்கும் போயாயிற்று. முதல் போன் நேற்று வந்தது, கூக்கால் கோயில்பிள்ளையிடமிருந்து. ஒரு பெரியவருக்கு அவருடைய அப்பா பெயரைத் திரையில் காட்டினாராம். அவர் அந்தத் திரையையே தொட்டுப் பார்த்தாராம்.

"ரொம்ப நல்ல பட்டனுங்க" என்றார். "இது ராணியக்கா வெச்சதுங்களா?"

எட்டு மாதம் அதை எழுதியவன் நான். ஆறு வருடம் அந்த இடத்துக்காகச் சண்டை போட்டவன் நான்.

"ஆமாங்க" என்றேன். "அவங்க வெச்சதுதான்."